கண்ணாடி இஸ்தோப்பின் அரைச்சுவர்

மஸ்கெலியாப் பக்கம் புதிதாக எழும் வீடுகளில் முன்பக்க இஸ்தோப்பைத் திறந்து விடுவது குறைந்து வருகிறது. இரண்டரை அடி உயரத்துக்கு ஓர் அரைச்சுவர், அதன்மேல் கூரைவரை அலுமினியச் சட்டமும் கண்ணாடியும், மேலே தகரம் என்று அடைத்துவிட்டால் ஓர் அறை கூடுதலாகக் கிடைக்கிறது. பகலில் வெயில் உள்ளே விழும், காற்று நுழையாது, மழைநாளில் துணியும் காயும். துரை பங்களாக்களின் கண்ணாடி வராந்தா, ஏழு பேர்ச் காணியில் கட்டிய வீட்டுக்கும் வந்து சேர்ந்த கதை இது. ஆனால் இரவில் வீட்டிலேயே மிகக் குளிர்ந்த இடமும், இரண்டு மழைக்காலம் கழிந்ததும் முதலில் கறுத்துப்போகும் இடமும் இந்த அறைதான். அதன் சுவரைக் குளிருக்கு எதிராக எப்படிக் கட்டுவது என்ற கேள்விக்கு மஸ்கெலியாவில் கிடைக்கும் பதிலும், குளிர்நாடுகளின் கட்டட நூல்களில் இருக்கும் பதிலும் முழுக்க ஒன்றல்ல. இங்கே சுவரின் முதல் எதிரி ஈரம். குளிர் அதற்கு அடுத்ததுதான்.

ஊரின் அமைப்பே அப்படி. மஸ்கெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்தில், 2,243 மீற்றர் உயர்ந்த சிவனொளிபாதமலையின் அடிவாரத்தில், மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் கரையில் இருக்கிறது. 1969இல் அந்த நீர்த்தேக்கம் நிரம்பியபோது பழைய நகரம் நீருக்குள் போனது. இன்றும் நீர் வற்றும் காலங்களில் பழைய வழிபாட்டிடங்களின் இடிபாடுகள் தலைகாட்டும். நுவரெலியாவைப் போல இங்கு புல்லில் உறைபனி படர்வது வழக்கமில்லை. அதற்குப் பதில் மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மலையில் மோதி நாட்கணக்கில் கொட்டும். மழை விட்ட பின்னும் மூடுபனி விடாது. நனைந்த சுவர் காய்வதற்கு வேண்டிய வெயில் பல வாரம் கிடைப்பதில்லை. ஜனவரி, பெப்ரவரியில் வானம் வெளுத்து, பகலில் சுள்ளென்று அடித்து, விடியற்காலையில் விறைக்கவைக்கும்.

லயத்துக் காம்பராக்களில் குளிரைச் சமாளித்த விதம் எல்லோருக்கும் தெரிந்ததே. பழைய பத்திரிகைத் தாளையும் கலண்டர்த் தாளையும் கோதுமை மாப் பசையால் சுவரில் ஒட்டுவார்கள், தகரத்துக்குக் கீழே படங்கையோ பொலித்தீனையோ கட்டுவார்கள், அடுப்பில் மிலாறு விறகு அணையாமல் பார்த்துக்கொள்வார்கள். புகை கண்ணைக் கரித்தாலும் அந்த அடுப்புச் சூடு சுவரை உலர்த்தியது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஐந்தாறு பேர் படுத்ததும் ஒரு வெப்பம்தான். லயங்களுக்கு மாற்றாக, இந்திய அரசின் உதவியில் மலையகத்துக்கு முதலில் 4,000 வீடுகளும், 2017 மே மாதம் நோர்வூட்டில் பிரதமர் நரேந்திர மோடி அறிவித்த மேலும் 10,000 வீடுகளுமாகத் திட்டமிடப்பட்ட தனிவீடுகள் 550 சதுர அடி கொண்டவை. தனிவீட்டுக்கு நான்கு பக்கமும் வெளிச்சுவர். லயத்தில் நடுக்காம்பராவுக்கு இரண்டு பக்கமும் அயல்வீட்டுச் சூடு இருந்தது. தனிவீட்டில் அது இல்லை. அதன் முன்னால் மூன்று பக்கம் கண்ணாடி அடைத்த அறையொன்றை ஒட்டினால் குளிருக்கு இன்னும் மூன்று வாசல் திறந்தமாதிரி.

வெப்பம் எந்த வழியாக எவ்வளவு போகிறது என்பதை ஒரு சிறிய கணக்கில் பார்த்துவிடலாம். ஒரு சதுர மீற்றர் பரப்பின் உள்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் ஒரு பாகை செல்சியஸ் வித்தியாசம் இருக்கும்போது அதைக் கடந்து போகும் வெப்பத்தை வாட் கணக்கில் சொல்வது வழக்கம். ஆறு அங்குல சிமெந்துக் கல் சுவருக்கு அது சுமார் 2.9. ஒற்றைக் கண்ணாடிக்கு 5.8. வெறும் தகரக் கூரைக்கு 7 வரை. பத்தடி நீளமும் எட்டடி அகலமும் கொண்ட ஓர் அறை, மூன்று பக்கம் வெளியே, எட்டடி உயரத்தில் கீழே இரண்டரை அடி மட்டும் சுவர் என்று வைத்துக்கொண்டால், வெளியே 10 பாகையும் உள்ளே 18 பாகையும் உள்ள ஓர் இரவில் சுவர் வழியாக ஏறத்தாழ 140 வாட் போகும். கூரை வழியாக 400 வாட். கண்ணாடி வழியாக 600 வாட்.

ஆகவே சுவரை மட்டும் கதகதப்பாக்கி அறையைக் கதகதப்பாக்க முடியாது. சுவருக்குள் இரண்டு அங்குல ரெஜிபோம் என்ற நுரை அட்டையை வைத்தால் 140 வாட் 29 ஆகக் குறையும். மிச்சம் நூற்றுச் சொச்சம் வாட், மொத்த இழப்பில் பத்தில் ஒரு பங்கு. கூரைக்குக் கீழே சீலிங் அடித்து அதே இரண்டு அங்குலத்தை அதற்குமேல் பரப்பினால் 400 வாட் 35 ஆகிவிடும். கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் கூரையே முதலில். சுவர் என்று கேட்டு வந்தவருக்குக் கூரையைக் காட்டுவது ஏமாற்றமாக இருக்கலாம், ஆனால் கணக்கு அப்படித்தான் விழுகிறது.

பிறகு சுவருக்கு எதற்குச் செலவழிக்க வேண்டும்? அதே இரவில் அந்தச் சுவரின் உள்முகத்தைத் தொட்டுப் பார்த்தால் பதில் கிடைக்கும். அறைக் காற்று 18 பாகையில் இருக்கும்போது சுவரின் முகம் 15 பாகையில்தான் இருக்கும். மஸ்கெலியாவின் மழைக்காலக் காற்றில் ஈரப்பதன் 80 வீதம் என்பது சாதாரணம். 18 பாகையில் 80 வீத ஈரம் கொண்ட காற்று, 14.5 பாகைக்குக் குளிர்ந்தாலே நீரைக் கக்கத் தொடங்கும். கண்ணாடியின் முகம் 12 பாகையில் நிற்பதால் அது இரவு முழுக்க வேர்க்கிறது. சுவர் அரைப் பாகையில் தப்பித்துக்கொள்கிறது. ஆனால் பூஞ்சணத்துக்குத் தண்ணீர் சொட்ட வேண்டியதில்லை, சுவரை ஒட்டிய காற்று நாட்கணக்கில் ஈரமாக நின்றாலே போதும். அறைக் காற்று உலாவாத சோபாவின் முதுகுப்பக்கத்தில் அந்த அரைப் பாகையும் போய்விடும்.

இப்படிப்பட்ட அறையை விடிந்ததும் போய்ப் பார்க்க வேண்டும். கண்ணாடியின் கீழ்விளிம்பில் திரண்ட துளிகள் அலுமினியச் சட்டத்தின் பள்ளத்தில் சேர்ந்து, நிறைந்து, மூலையில் ஒரு சிறு கோடாக அரைச்சுவரின் தலையில் இறங்கியிருக்கும். அந்தக் கோட்டுக்குக் கீழே ஒரு விரல் அகலத்துக்குப் பெயிண்ட் உப்பியிருக்கும். நகத்தால் தட்டினால் மாவாக உதிரும். சோபாவை இழுத்தால் பின்சுவரில் மிளகைத் தூவினாற்போல் கறுப்புப் புள்ளி. கீழே, தரையோடு சேரும் இடத்தில், உப்புப் பூத்திருக்கும். மேலிருந்து கண்ணாடி வேர்வை, வெளியிலிருந்து சாரல், கீழிருந்து நிலத்து ஓதம், உள்ளிருந்து ஆட்களின் மூச்சு என்று நான்கு பக்கமும் ஈரம் அந்த இரண்டரை அடிச் சுவரில்தான் வந்து கூடுகிறது. குட்டிச்சுவர் என்ற சொல்லுக்குத் தமிழில் நல்ல பெயர் இல்லாததில் நியாயம் இருக்கிறது.

நனைந்த சுவருக்கு மேல் எந்தக் கம்பளியைப் போர்த்தினாலும் பயனில்லை. குளிரைத் தடுக்கும் பொருள்கள் எல்லாம் செய்வது ஒரே வேலை, அசையாத காற்றைச் சிறு சிறு அறைகளில் அடைத்து வைப்பது. ரெஜிபோமின் பெரும்பகுதி காற்றுத்தான், கண்ணாடிப் பஞ்சும் அப்படியே. அந்தக் காற்றின் இடத்தை நீர் பிடித்துக்கொண்டால் வெப்பம் ஏறத்தாழ 24 மடங்கு எளிதாகக் கடக்கும். நனைந்த கம்பளியோடு மலையேறியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கண்ணாடிப் பஞ்சு ஒருமுறை ஊறினால் தொங்கி, அடியில் குவிந்து, மேற்பாதியைக் காலியாக விட்டுவிடும். அதனால் மஸ்கெலியாவின் வெளிச்சுவருக்குள் பஞ்சு வகைகளைத் தவிர்ப்பதே நல்லது. நீரை எளிதில் உறிஞ்சாத நுரை அட்டைகளே இங்கு பொருந்தும். பொதி சுற்றும் மெல்லிய ரகத்தை விட்டு, விரலால் அழுத்தினால் எளிதில் பள்ளம் விழாத அடர்த்தியான ரெஜிபோமைக் கேட்டு வாங்க வேண்டும்.

வீடு புதிது என்பதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. கட்டிமுடித்த ஒற்றைச் சுவரின் உள்பக்கத்தில் அட்டை ஒட்டுவதைவிட, ஆரம்பத்திலேயே இரட்டைச் சுவராக எழுப்பிவிடலாம். நாலு அங்குலக் கல்லில் வெளிச்சுவர் ஒன்று, உள்சுவர் ஒன்று, நடுவே மூன்று அங்குல இடைவெளி. அந்த இடைவெளியில் உள்சுவரோடு ஒட்டினாற்போல இரண்டு அங்குல ரெஜிபோம், மிச்சம் ஓர் அங்குலம் வெறுமை. சாரலில் வெளிச்சுவர் நனைந்தாலும் நீர் அந்த வெறுமையைத் தாண்ட முடியாமல் வெளிச்சுவரின் உள்முகத்தில் வழிந்து அடிக்கு இறங்கி, அங்கு விட்ட துளைகள் வழியே வெளியேறிவிடும். உள்சுவர் காய்ந்தபடியே இருக்கும். இரட்டைச் சுவர் என்றதும் செலவு பயமுறுத்தும். ஆனால் இது வீடு முழுவதற்கும் அல்ல, 26 அடி நீளத்தில் இரண்டரை அடி உயரத்துக்கு மட்டும். 16 அங்குல நீளமும் 8 அங்குல உயரமும் கொண்ட கல்லானால், கதவுக்கு விடும் இடத்தைக் கழிக்காமலே, கூடுதலாக எழுபது சொச்சம் கல். அத்திவாரத்தை மட்டும் 11 அங்குலச் சுவரைத் தாங்கும்படி முன்கூட்டியே அகலமாகப் போட்டுவிட வேண்டும்.

இந்தச் சுவர் கெடுவதும் நிலைப்பதும் மேசன் பாஸின் கையில் இருக்கிறது. கல் வைக்கும்போது கரண்டியிலிருந்து பிதுங்கும் சாந்து இடைவெளிக்குள் விழும். விழுந்த சாந்து அட்டைக்கும் வெளிச்சுவருக்கும் நடுவே பாலமாக இறுகினால், அந்தப் பாலத்தின் வழியாகவே நீர் உள்ளே நடந்துவரும். இதற்குப் பழைய கொத்தர்களின் வழி ஒன்று உண்டு. இடைவெளியின் அகலத்துக்குச் சற்றுக் குறைந்த ஒரு நீளப் பலகையை இரண்டு முனையிலும் கயிறு கட்டி உள்ளே இறக்கி வைப்பார்கள். இரண்டு மூன்று வரிசை ஏறியதும் கயிற்றைப் பிடித்து மேலே தூக்கினால் விழுந்த சாந்தெல்லாம் பலகையோடு வந்துவிடும். துடைத்துவிட்டு மறுபடி இறக்குவார்கள். இரண்டு சுவரையும் இணைக்கும் கம்பிகள் துருப்பிடிக்காத ரகமாகவும், வெளிப்பக்கம் ஒரு சிறு சரிவோடும் இருக்க வேண்டும். உள்நோக்கிச் சரிந்த ஒரு கம்பி போதும், துளித்துளியாக உள்சுவருக்கு நீர் கொண்டுவர. ரெஜிபோம் அட்டைகள் ஒன்றோடொன்று நெருங்கி முட்ட வேண்டும். விரல் நுழையும் சந்து இருந்தால் குளிர்க்காற்றும் அங்கே நுழையும்.

நிலத்து ஓதம் சுவரில் ஏறாமல் மறிக்க டி.பி.சி. எனப்படும் தடுப்புப் படை வேண்டும். இரண்டு சுவருக்கும் தனித்தனியாக, வெளித்தரை மட்டத்திலிருந்து ஆறு அங்குலமாவது உயரத்தில் வரவேண்டும். சரிவில் மண்ணை வெட்டிக் கட்டிய வீடுகளில் மேட்டுப்பக்க மண் காலப்போக்கில் சரிந்து சுவரடியில் குவிந்து இந்தத் தடுப்பை மூடிவிடும், அதன்பிறகு தடுப்பு இருந்தும் இல்லாததுதான். சுவரடி ஓரமாக ஒரு சிமெந்துக் கான் வெட்டி, தகரத்தில் வழியும் நீரைப் பீலி வைத்து அதில் சேர்ப்பது, சுவருக்குள் வைக்கும் எந்த அட்டையைவிடவும் அதிக உலர்வைத் தரும். கூரையின் இறவாணம் இரண்டடியாவது வெளியே நீண்டிருந்தால் பாதிச் சாரல் சுவரைத் தொடாது.

அரைச்சுவரின் தலைதான் பலரும் கோட்டை விடும் இடம். இரட்டைச் சுவரின் வாயை ஒரே கொங்கிரீட் பட்டையால் உள்ளிருந்து வெளிவரை மூடினால், உள்ளிருக்கும் வெப்பம் அந்தப் பட்டை வழியாகவே நேராக வெளியேறும், அதன் உள்விளிம்பும் வேர்க்கும். உள்பக்கத்துக்கு ஒரு மரப்பலகை, வெளிப்பக்கத்துக்குச் சரிவோடு ஒரு சிமெந்துப் படி, இரண்டுக்கும் நடுவே ரெஜிபோம் மேலேவரை வந்து கண்ணாடிச் சட்டத்தைத் தொட்டு நிற்க வேண்டும். வெளிப்படி சுவரைவிட இரண்டு அங்குலம் நீண்டு, அடியில் விரல் அகலப் பள்ளம் ஒன்று ஓடினால், நீர் சுவரில் வழியாமல் அங்கேயே சொட்டிவிடும். அலுமினியச் சட்டத்தின் அடியிலுள்ள நீர்த்துளைகள் வெளிப்பக்கம் திறந்திருக்கின்றனவா என்று கண்ணாடி பொருத்தும் நாளிலேயே ஒரு குவளை தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிடலாம்.

ஒற்றைச் சுவர் ஏற்கெனவே எழுந்துவிட்ட வீட்டில் உள்பக்கமாக அட்டை ஒட்டுவதைத் தவிர வழியில்லை. அதற்கு முன் சுவர் காய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புதுச் சுவருக்குள் சாந்து குழைத்த தண்ணீரே நிறைய இருக்கும். மஸ்கெலியாவில் ஜூனில் பூசிய சுவர் ஜூலையில் காய்ந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை. ஓர் அடிக்கு ஓர் அடி பொலித்தீன் துண்டை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விட்டுப் பார்க்கலாம். பொலித்தீனின் சுவர்ப்பக்கத்தில் துளி பூத்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது, இன்னும் காத்திருக்க வேண்டும். அறைப்பக்கத்தில் பூத்திருந்தால் ஈரம் காற்றில் இருக்கிறது, அது வேறு பிரச்சினை. சுவர் காய்ந்த பின் அட்டையை இடைவெளியில்லாமல் சுவரோடு சேர்த்து ஒட்டி, பொருத்துக்களை அலுமினிய டேப்பால் மூட வேண்டும். அட்டைக்குப் பின்னால் அறைக் காற்று நுழைய வழியிருந்தால், இப்போது முன்னைவிடக் குளிர்ந்துபோன கல்லில் அது நீராகப் படியும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பூஞ்சணம் வளரும்.

ஈரக் காற்றைச் சந்தில்லாமல் மறிக்கும் இந்தத் தத்துவம் தோட்டத்துக்குப் புதிதல்ல. தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் உலர்த்திய தூளில் ஏறத்தாழ 3 வீத ஈரம்தான் இருக்கும். காற்றில் விட்டால் உடனே உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் பழைய தேயிலைப் பெட்டிகளின் பலகைக்கு உள்ளே அலுமினியத் தாளும் காகிதமும் விரித்தார்கள். இன்றைய காகிதச் சாக்குகளுக்குள்ளும் ஈரம் புகாத ஒரு தாள் உண்டு. பலகை இருந்தது தாங்குவதற்கு, தாள் இருந்தது ஈரத்தை மறிப்பதற்கு. ஒரு மூலையில் தாள் கிழிந்தாலும் பெட்டியின் தூள் கெட்டது. சுவரில் ஒட்டும் டேப்புக்கும் அதே நியாயம்தான். ஒரு வித்தியாசம் உண்டு. தேயிலைப் பெட்டிக்கு ஈரம் ஒரே பக்கத்திலிருந்து வரும். மஸ்கெலியாச் சுவருக்கோ இரவில் உள்ளிருந்து வரும், மழையில் நனைந்த சுவரில் வெயில் படும்போது வெளியிலிருந்தும் உள்நோக்கித் தள்ளும். ஆகவே வெளிப்பூச்சை நீர் புகாமல் முடித்துவிட்டுத்தான் உள்பக்கத்தைத் தொட வேண்டும்.

ரெஜிபோம் எளிதில் தீப்பற்றும், அதன் புகை நச்சு. அதை வெறுமையாக விடவோ மேலே துணியும் தாளும் மட்டும் ஒட்டவோ கூடாது. சிமெந்துப் பலகையோ ஜிப்சம் பலகையோ வைத்து மூடி, மின்கம்பிகளைக் குழாய்க்குள் விட்டு, அடுப்புப் பக்கமாக இருந்தால் அந்தச் சுவருக்கு இந்த அட்டையே வேண்டாம் என்று விட்டுவிடலாம். லயங்களில் தீ எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதைக் கண்டவர்கள் மலையகத்தில் நிறையப் பேர்.

கண்ணாடியை எந்தத் திசையில் வைப்பது என்பதும் சுவரோடு சேர்ந்த கேள்வியே. தென்மேற்குப் பக்கம்தான் பருவமழையின் அடி விழும். அந்தப் பக்கத்தை உயரச் சுவராக எழுப்பி, கண்ணாடியைக் கிழக்கும் தென்கிழக்குமாகத் திருப்பினால் காலை வெயில் நேரே உள்ளே விழுந்து இரவின் ஈரத்தை உலர்த்தும். உள்சுவரும் சிவப்புச் சிமெந்துத் தரையும் பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு மாலையில் மெல்ல விடும். இரட்டைச் சுவரில் ரெஜிபோம் நடுவில் இருப்பதால் உள்கல் அந்தச் சூட்டை அறைக்கே திருப்பித் தரும். இதுவும் உள்பக்க அட்டையைவிட இரட்டைச் சுவர் சிறந்தது என்பதற்கு இன்னொரு காரணம். கண்ணாடியை இரட்டையாகப் போட்டால் 600 வாட் இழப்பு பாதிக்குக் கீழே இறங்கும், விலை பலருக்கு எட்டாது. தரைவரை தொங்கும் கனத்த திரையை மாலை ஆறு மணிக்கே இழுத்துவிடுவது ஓரளவு உதவும், ஆனால் திரைக்குப் பின்னால் கண்ணாடி இன்னும் அதிகமாக வேர்க்கும், காலையில் திரையைத் திறந்து துடைக்க வேண்டும்.

கடைசியாகக் காற்று. ஓர் ஆளின் மூச்சும் வியர்வையும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லீற்றர் நீரைக் காற்றில் சேர்க்கும். கையால் பிழிந்த ஒரு கூடைத் துணி காய்ந்தால் இரண்டு லீற்றருக்கு மேல். மழைக்காலத்தில் கண்ணாடி இஸ்தோப்பில் துணி காயப்போடுவதை யாரும் நிறுத்தப்போவதில்லை, அதற்காகத்தானே பாதிப் பேர் கட்டுகிறார்கள். ஆகவே கண்ணாடியின் மேல்விளிம்பில் எதிரெதிராக இரண்டு சிறு திறப்புகளை, மழை புகாதபடி மறைப்போடு, நிரந்தரமாகவே விட வேண்டும். துணி தொங்கும் நாளில் வீட்டுக்குள் போகும் கதவை மூடி இந்தத் திறப்புகளை மறைக்காமல் விட்டால் ஈரம் வெளியே போகும். குளிர் நுழையும் என்று பயந்து அவற்றைத் துணி திணித்து அடைத்தால், எவ்வளவு நன்றாகக் கட்டிய சுவரிலும் கறுப்புப் புள்ளி விழும். மூடிய அறையில் கரிச்சட்டி வைத்துக் குளிர்காய்வது உயிருக்கே ஆபத்து. அதிலிருந்து வரும் கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, தூங்கியவர் விழிக்காமலே போகலாம். சோபாவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போட்டு, பருவமழை தொடங்குமுன் சுவரடித் துளைகளில் ஒரு குச்சியை விட்டு மண் அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டால், வருடத்துக்கு வேண்டிய பராமரிப்பு அவ்வளவே.